சூடு கண்ட கார்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே அது கெட்டிக்கார எஞ்சின். மீதி அத்தனையும் வெப்பமாகத்தான் போகிறது. 105 குதிரைத்திறன் கொண்ட ஒரு சின்ன காரின் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்து வைத்திருக்கும் நேரமெல்லாம், ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சுமார் 180 கிலோவாட் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும். வீட்டு இன்டக்‌ஷன் அடுப்புகள் தொண்ணூறை ஒரே நேரத்தில் முழுச் சூட்டில் வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடத்தில் கொஞ்சம் பணம் சேர்த்து, முதல் காராகவே நல்ல பிக்கப் உள்ள ஒரு சின்ன வண்டியை செகண்ட் ஹேண்டில் தேடும் இளைஞர்கள் இப்போது நிறைய. அந்த ஆசையில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. வளைவில் சாலையோடு ஒட்டிக்கொண்டு திரும்பும், கால் வைத்ததும் பதில் சொல்லும் சின்ன கார் தரும் மகிழ்ச்சி உண்மையானது. அதை அனுபவிக்க இருபத்தைந்து வயதைவிடப் பொருத்தமான வயது ஏது? ஆனால் வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் ‘எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?’ என்பதாகவே இருக்கிறது. இந்த வகைக் காருக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, எவ்வளவு சூடு பட்டிருக்கிறது என்பது. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் நிதானமாக 90,000 கி.மீ. ஓடிய வண்டி, நகர நெரிசலில் உறுமி உறுமி 35,000 கி.மீ. ஓடிய வண்டியைவிட நல்ல நிலையில் இருக்கலாம். ஓடோமீட்டரைத் திருத்திவிட முடியும். உலோகத்திலும் ரப்பரிலும் எண்ணெயிலும் சூடு விட்டுச் சென்ற தடத்தை அவ்வளவு சுலபமாகத் திருத்த முடியாது.

இந்த வகைக் காருக்கு நீண்ட பரம்பரை உண்டு. 1961-இல் பந்தயக் கார் தயாரிப்பாளர் ஜான் கூப்பர் கைபட்ட மினி கூப்பர் வந்தது. அதன் ‘எஸ்’ வடிவம் 1964-இல் மான்டி கார்லோ ராலியில் பெரிய கார்களைத் தோற்கடித்தது. 1976-இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. சுமார் 810 கிலோ எடையில் 110 குதிரைத்திறனைச் சுமந்தது. தினமும் அலுவலகத்துக்கும் காய்கறிச் சந்தைக்கும் போகிற வண்டி, ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் விளையாட்டுக் காராக மாறலாம் என்பதை அவைதான் காட்டின. இந்தியாவில் 2013-இல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2015-இல் 145 குதிரைத்திறன் அபார்த் புன்டோ, 2017-இல் மாருதி பலேனோ ஆர்.எஸ்., 2021-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் ஐ20 என் லைன் என்று வரிசையாக வந்தன. இடையில் 2018-இல் வந்த டாடா டியாகோ ஜே.டி.பி. நம் ஊர்ப் பிள்ளை. கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கூட்டாக உருவாக்கிய கார் அது. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 114 குதிரைத்திறன். 2020-இல் அந்தக் கூட்டு முடிந்துபோனது. அதற்கென்றே செய்த பாகங்களுக்கு இன்று அலையத்தான் வேண்டும். எஞ்சின் நன்றாக இருந்தாலும் பம்பர் உடைந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்துவிட்டே அதை வாங்க வேண்டும்.

இந்த இந்திய வரிசையில் எல்லாமே டர்போ எஞ்சின்கள். எனவே டர்போவைப் பற்றி விரிவாகப் பேசியாக வேண்டும்.

ஆல்ஃபிரட் பூஷி என்ற சுவிஸ் பொறியாளர் 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகையைக் கொண்டு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்று, அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளட்டும். காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டலாம். 1.2 லிட்டர் எஞ்சின் 1.8 லிட்டர் எஞ்சின்போல இழுப்பது இப்படித்தான். போலோ ஜி.டி.யின் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, எஞ்சின் 1,500 சுற்றைத் தாண்டியதுமே கிடைத்துவிடும். ஓட்டும்போது முதுகை யாரோ தள்ளுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான்.

உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தச் சக்கரங்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை சுழலக்கூடியவை. ஒருபக்கம் பெட்ரோல் எஞ்சினின் புகை 900 டிகிரி செல்சியஸையும் தாண்டும். மறுபக்கம் வெளிக்காற்று. நடுவில் இருக்கும் அச்சு பல டர்போக்களில் எதையும் தொட்டுக்கொண்டிருப்பதில்லை. மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்துகொண்டு சுழல்கிறது. அந்தப் படலம் ஒரு கணம் அறுந்தாலும் உலோகத்தோடு உலோகம் உரசும். விரட்டி ஓட்டிய கையோடு எஞ்சினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. அங்கே தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். புதிய கார்களில் டர்போவைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. அணைத்த பிறகும் மின்பம்ப் சிறிது நேரம் ஓடிக் குளிர்விக்கும் ஏற்பாடும் பலவற்றில் உண்டு. ஆனால் பழைய எண்ணெயை மாற்றாமல் ஓட்டியவருக்கு எந்த ஏற்பாடும் கைகொடுக்காது.

அதனால் நான் பார்க்கச் சொல்லும் முதல் இடம் எண்ணெய் ஊற்றும் மூடி. அதைத் திறந்து உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். லேசான தேன்நிறப் பூச்சு இருந்தால் பயமில்லை. கெட்டியான பழுப்பு வார்னிஷோ, நகத்தால் சுரண்டினால் உதிரும் கருப்புத் துகளோ இருந்தால், எண்ணெய் நீண்ட காலம் மாற்றப்படாமல் வெந்திருக்கிறது. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் கருப்பாக இருப்பது மட்டுமே குற்றமில்லை. பெட்ரோல் நெடி தூக்கலாக அடித்தால், எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் குறும்பயணங்களே அதன் வாழ்க்கையாக இருந்திருக்கலாம். எரியறைக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்களில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக எண்ணெயில் கலக்கும். எண்ணெய் நீர்த்துப்போனால் அந்த மெல்லிய படலமும் பலவீனமாகும்.

கோவையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், வண்டி பார்க்கப் போனால் வணக்கம் சொல்லும்போதே பானட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் மேற்கொண்டு பார்க்கமாட்டார். ‘தம்பி, நாங்க வர்றதுக்குள்ள எதுக்குங்க வண்டியைச் சூடு பண்ணி வச்சீங்க? நாளைக்குக் காலைல வர்றோம், அதுவரைக்கும் சாவியே போடாதீங்க’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். அதில் நியாயம் இருக்கிறது. இரவெல்லாம் ஆறிய எஞ்சினால் எதையும் மறைக்க முடியாது. வால்வுகளின் ரப்பர் சீல் சூட்டில் விறைத்துப் போயிருந்தால் ராத்திரி முழுக்க எண்ணெய் சொட்டியிருக்கும். முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை ஒரு கொத்தாக வரும். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் முதல் சில விநாடிகள் கலகலவென்று சத்தம் கேட்கும். பத்து நிமிடம் ஓடிய எஞ்சினில் இவை இரண்டுமே காணாமல்போய்விடும். ஆறிய நிலையில் பார்த்து முடித்த பிறகு சூடான நிலையிலும் பாருங்கள். நன்றாக ஓட்டிவிட்டு வந்து, இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, பிறகு ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் நீலப்புகை வருகிறதா? அப்படியானால் டர்போவின் சீல் மீது சந்தேகம் கொள்ளலாம். வெள்ளைப்புகை நிற்காமல் வந்து இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது என்று பொருள். அந்த வண்டிக்கு விலை பேச வேண்டாம்.

இந்த எஞ்சின்களுக்கே உரிய ஒரு நோய் உண்டு. உயர்ந்த கியரில், தாழ்ந்த சுற்றில், திடீரென்று முழுக்க மிதித்தால், ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே எரியறைக்குள் எண்ணெய்த்துளி ஒன்று தானாகத் தீப்பற்றும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு அதைக் கீழே அடிக்கும். பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட மெல்லிய பகுதி உடைந்துபோகும் அளவுக்கு அந்த அடி பலமானது. எண்ணெயில் சேர்க்கப்படும் கால்சிய வகைச் சுத்திகரிப்பான்கள் இதைத் தூண்டுகின்றன என்பதை ஆய்வுகள் காட்டின. அதற்கேற்பத் தயாரான எண்ணெய்த் தரம்தான் 2020-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. எனவே சர்வீஸ் பில்லில் ‘எஞ்சின் ஆயில்’ என்று மட்டும் இருந்தால் போதாது. என்ன தரம், என்ன கிரேடு, எத்தனை கிலோமீட்டர் இடைவெளி என்று பாருங்கள். பில்களை ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருக்கும் உரிமையாளரின் வண்டிக்கு இருபதாயிரம் கூடக் கொடுக்கலாம்.

அடுத்து ரீமேப். எஞ்சினின் கணினியில் உள்ள நிரலை மாற்றி டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவது. போலோ ஜி.டி. வாங்கியவர்களில் பலர் செய்திருக்கிறார்கள். அதன் ஏழு கியர் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் தாங்கக்கூடிய முறுக்குவிசையின் எல்லை 250 நியூட்டன் மீட்டர். கம்பெனி அனுப்பியது 175. நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் ரீமேப் செய்பவர்களின் மூலதனம். அந்த இடைவெளியைத் தின்றுவிட்டால் தேய்மானத்துக்கும் கோடைச் சூட்டுக்கும் விட்டுவைத்த கையிருப்பும் போய்விடும். செய்தவர் பில்லோடு அதை ஒப்புக்கொண்டால் பேசலாம். விற்பதற்கு முன் பழைய நிரலைத் திரும்பப் போட்டுவிட்டு ‘ஸ்டாக் வண்டி’ என்று சொல்பவரிடம் பேச எதுவுமில்லை.

அந்த டி.எஸ்.ஜி. பெட்டிக்குள் இரண்டு கிளட்ச்கள், இரண்டும் எண்ணெயில் குளிக்காத உலர் வகை. ஒன்று ஓடும் கியரைப் பிடித்திருக்க, மற்றொன்று அடுத்த கியரைத் தயாராக வைத்திருக்கும். கியர் மாறுவதே தெரியாத அந்த வேகத்துக்குக் காரணம் இது. நெடுஞ்சாலையில் அற்புதமானது. கிண்டியிலோ காந்திபுரத்திலோ அடி அடியாக நகரும் நெரிசலில் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி நழுவியும் உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை எடுத்துச் செல்ல எண்ணெய் இல்லை, காற்றுதான். 2013-இல் சீனாவில் சுமார் 3.8 லட்சம் கார்களை டி.எஸ்.ஜி. பழுதுக்காக ஃபோக்ஸ்வாகன் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. ஓட்டிப் பார்க்கும்போது நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். மாலை ஆறு மணி நெரிசலுக்குள் போய் அரைமணி நேரம் ஊருங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது உதறல், ரிவர்ஸ் போட்டதும் தயக்கம், டேஷ்போர்டில் ஸ்பேனர் குறி ஆகியவற்றில் எது வந்தாலும் அது பெரிய செலவின் முன்னறிவிப்பு. 2020-க்குப் பிந்தைய 1.0 லிட்டர் போலோ ஜி.டி.யில் வழக்கமான ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர் பெட்டி வந்துவிட்டது. நகரத்தில் இருப்பவர் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அதை எடுப்பது நல்லது.

ஒரு சின்னக் கருவி கையில் இருந்தால் நல்லது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகி, புளூடூத்தில் கைபேசியோடு இணைக்கும் ஸ்கேனர். ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. பிழைக் குறிகள் இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் எல்லோரும் இதைச் செருகுகிறார்கள். விற்பவரும் அதே கருவியால் அதற்கு முந்தின நிமிடம் குறிகளை அழித்திருக்கலாம். ஆனால் அவரால் அழிக்கவே முடியாத ஒரு தடயம் இருக்கிறது. ‘பிழைக்குறி அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம்’, ‘அழிக்கப்பட்ட பின் எத்தனை முறை எஞ்சின் சூடேறியது’ என்ற இரண்டு எண்களை எஞ்சின் கணினி தனியாக வைத்திருக்கும். அழித்ததுமே அவை பூஜ்யத்திலிருந்து மறுபடி ஏறும். கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார் போன்றவற்றைத் தானே சோதித்து முடித்துவிட்டதாகச் சொல்லும் ‘ரெடினெஸ்’ பட்டியலும் காலியாகிவிடும், அது நிரம்பச் சில நாள் ஓட்டம் தேவை. ‘ரெண்டு வருஷமா ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்லை’ என்று விற்பவர் சொல்லிக்கொண்டிருக்க, அழித்த பின் ஓடியது 6 கி.மீ. என்று திரை காட்டினால், அன்றைய வேலை முடிந்தது. வீட்டுக்குக் கிளம்பலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் வேகத்தை உண்டாக்கும் பாகங்கள். எனக்கு உண்மையான அக்கறை அதைக் குறைக்கும் பாகங்கள் மீது. இளைஞர்கள் எஞ்சினுக்குக் காட்டும் ஆர்வத்தில் கால்வாசியைப் பிரேக்குக்குக் காட்டினால் போதும் என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

ஓட்டுநரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 460 கிலோஜூல். நிறுத்தும்போது இதில் பெரும்பங்கை முன்சக்கர டிஸ்க்குகள் இரண்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் 5 கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு முறை நிறுத்துவதிலேயே அவற்றின் வெப்பநிலை சுமார் 70 டிகிரி ஏறும். ஒரு முறை என்றால் கவலையில்லை. இப்போது ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதைக் கணக்குப் போடுங்கள். உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,900 மீட்டர். அந்த உயரத்திலிருந்து இறங்கும் அதே கார் தொலைத்தாக வேண்டிய ஆற்றல் 22 மெகாஜூல். 100 கி.மீ. வேகத்திலிருந்து 48 தடவை நின்றால் எவ்வளவோ அவ்வளவு! டயர் உருள்வதிலும் காற்றிலும் ஒரு பகுதி போகும். இரண்டாவது கியரில் போட்டுக் கால் எடுத்துவிட்டால் எஞ்சினே பெரும்பகுதியை விழுங்கிவிடும், ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட அப்போது எரியாது. நியூட்ரலில் இறக்குபவரின் வண்டியிலோ அத்தனை சூடும் பிரேக் மீதுதான் வந்து விழும்.

அங்கே பிரேக் ஆயிலின் வேதியியல் வந்து நிற்கிறது. பெடலில் கால் தரும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் இந்தத் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் 155 டிகிரி இருந்தாலே தரக்கட்டுப்பாட்டுக்குப் போதும். சூடான மலையிறக்கத்தில் அந்த 155 டிகிரி எட்டிப்பிடிக்கும் தூரம்தான். திரவம் கொதித்து ஆவிக்குமிழ் வந்துவிட்டால், குமிழ் அமுங்குமே தவிர அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் தரைக்குப் போய்விடும், கார் போய்க்கொண்டே இருக்கும். ‘பிரேக் பிடிக்கலை’ என்று நாம் செய்தியில் படிக்கும் சில விபத்துகளுக்குப் பின்னால் இந்தக் குமிழ் இருக்கிறது. பழைய கார் வாங்கினால், விற்றவர் என்ன சொன்னாலும் சரி, அந்த வாரமே பிரேக் ஆயிலை முழுக்க மாற்றிவிடுங்கள். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. செலவு மிகச் சிறியது.

டிஸ்க்கையும் உற்றுப் பாருங்கள். சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே தெரியும். விளிம்பில் விரலை ஓட்டினால் மேடு தட்டுப்படுகிறதா? அந்த மேட்டின் உயரம்தான் தேய்ந்துபோன இரும்பின் அளவு. முகத்தில் நீலமோ ஊதாவோ திட்டுத்திட்டாக இருந்தால் அது கடுஞ்சூட்டின் கையெழுத்து. வார்ப்பிரும்பு அளவுமீறிச் சூடாகிக் குளிரும்போது ஆங்காங்கே சிமென்டைட் என்ற கடினமான இரும்புக் கார்பைடு உண்டாகிறது. அந்தத் திட்டுகள் மற்ற இடத்தைப்போலத் தேயாது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குவது அதனால்தான்.

டர்போ கார்களில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சாதாரண பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அதன் குழாயில் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டுதான் பிரேக் பூஸ்டர் நம் காலுக்கு உதவுகிறது. டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் நேரத்தில் அங்கே வெற்றிடம் ஏது? அதனால் தனியாக ஒரு வெற்றிடப் பம்ப் வைப்பார்கள். 2016 அக்டோபர் முதல் 2019 நவம்பர் வரை தயாரான 7,213 பலேனோ ஆர்.எஸ். கார்களை, இந்தப் பம்பில் குறை இருக்கலாம் என்று 2023-இல் மாருதி திரும்ப அழைத்தது. பம்ப் பழுதானால் பெடலை வழக்கத்தைவிட வலுவாக மிதிக்க வேண்டியிருக்கும். நீங்கள் பார்க்கும் வண்டியில் அந்த வேலை முடிந்ததா என்பதைச் சேஸிஸ் எண்ணைச் சொல்லி மாருதியிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காரைக் கடைசியில் நிறுத்துவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர். டயரின் பக்கவாட்டில் ‘டாட்’ என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருக்கும் பழைய டயர்தான் பலரை ஏமாற்றுகிறது. சூடும் ஆக்ஸிஜனும் ஓஸோனும் ரப்பரை ஓடாமல் நிற்கும்போதும் கெட்டியாக்கும். கெட்டியான ரப்பர் தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்காது. 100 கி.மீ. வேகத்தில் வரும் இரண்டு கார்கள் ஒரே புள்ளியில் பிரேக் பிடிக்கின்றன. நல்ல டயர், உலர்ந்த சாலை, உராய்வுக் குணகம் 0.8 என்றால் 49 மீட்டரில் நின்றுவிடும். விறைத்த டயரும் மழையும் சேர்ந்து அந்த எண் 0.5 ஆகிவிட்டால் 79 மீட்டர் வேண்டும். முதல் கார் நின்ற அந்த இடத்தை இரண்டாவது கார் எந்த வேகத்தில் கடக்கும் தெரியுமா? இன்னமும் 61 கி.மீ. வேகத்தில்! குணகத்தில் 0.3 என்ற வித்தியாசம் இவ்வளவு செய்யும். அதனால்தான் வாங்கும் பட்ஜெட்டிலேயே நான்கு புதிய டயருக்கான பணத்தைத் தனியே எடுத்து வைக்கச் சொல்கிறேன். பெரிய அலாய் வீல் போட்டு அழகுபடுத்திய வண்டியென்றால் கூடுதல் கவனம் தேவை. டயரின் பக்கச்சுவர் மெலிந்துபோய், நம் சாலைப் பள்ளங்களின் அடியெல்லாம் நேராக ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் போயிருக்கும்.

பாடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் கனம் இருக்கும். பெயின்ட் அளக்கும் கருவியை வைத்தால் பட்டி பார்த்த இடத்தில் எண் பல மடங்கு எகிறும். கதவில் சின்ன டிங்கரிங் வேலை நடந்திருந்தால் பரவாயில்லை. கதவுத் தூண்களிலோ, பானட்டுக்குக் கீழே முன்பக்கச் சட்டங்களிலோ எண் எகிறினால் விலகிவிடுங்கள். விபத்தில் நசுங்கி ஆற்றலை உறிஞ்சுவதற்கென்றே வடிவமைத்த இரும்பு அது, ஒரு முறைதான் அந்த வேலையைச் செய்யும். ஏர்பேக் இருக்கிறதா என்பதையும் வேரியன்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத போலோவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு ஏர்பேக் உள்ள அதே போலோ நான்கு நட்சத்திரம் வாங்கியது.

எரிபொருளும் மாறிவிட்டது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், கலவையின் ஆற்றல் ஆறேழு சதவீதம் குறையும். பழைய உரிமையாளர் சொல்லும் மைலேஜ் உங்களுக்குக் கிடைக்காவிட்டால் அவர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. இ20-க்கு முந்தைய வண்டிகளில் பெட்ரோல் ஹோஸ்களையும் சீல்களையும் சர்வீஸின்போது பார்த்துக்கொள்வது அவசியம்.

ஆர்.சி.யில் லோன் பாக்கி, ஃபைனான்ஸ் என்.ஓ.சி., பழைய அபராதங்கள் எல்லாம் எந்த வண்டிக்கும் பார்ப்பவைதான். இன்சூரன்ஸில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியத்தை எஞ்சினின் சி.சி.தான் தீர்மானிக்கிறது. 2022-இல் நிர்ணயித்தபடி 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். டர்போவின் அழுத்தத்தை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. 120 குதிரைத்திறன் ஐ20 என் லைனும் 1,000 சி.சி.க்கு உட்பட்டதே.

என்னைக் கேட்டால், முதல் காருக்கு நான் பலேனோ ஆர்.எஸ்.ஸைத் தேடச் சொல்வேன். 102 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் கீழே, மேனுவல் கியர்பாக்ஸ், பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். கிளட்ச் தேய்ந்தால் ஊர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். வம்பு குறைவு. போலோ ஜி.டி.யின் கட்டுமானமும் நெடுஞ்சாலை நிதானமும் அதில் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். போலோதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், கியர்பாக்ஸுக்கென்று ஒரு தொகையை வங்கியில் தனியாகப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

வாங்கிய வாரத்தில் எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், ஃபில்டர்கள் எல்லாவற்றையும் மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். அடுத்த சில மாதம் காரை அதன் எல்லைக்கு அருகில்கூடக் கொண்டுபோக வேண்டாம், அதன் சத்தங்களைப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு உண்மையிலேயே விரட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு இடம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஓடுதளம், கோவை செட்டிப்பாளையத்தில் பந்தய வீரர் எஸ். கரிவரதன் பெயரைத் தாங்கிய 2.1 கி.மீ. கரி மோட்டார் ஸ்பீட்வே. அங்கே எதிரே லாரி வராது, மாடு குறுக்கே ஓடாது. சொந்தக் காரைக் கொண்டுவர அனுமதிக்கும் நாட்களை விசாரித்துக்கொண்டு போங்கள். நான்கைந்து சுற்று விரட்டிய பிறகு ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டிக் காரை ஆறவிடுங்கள். டர்போவுக்கும் அது நல்லது. உள்ளே வந்து நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். சூடான டிஸ்க்கைப் பேட் ஓரிடத்தில் கவ்விப் பிடித்திருந்தால் அங்கே தடம் பதிந்துவிடும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டையை அண்டை கொடுத்தால் போதும்.